பத்மாவதியின் கடைசி மகள்

"ஊரில எந்தப் பக்கம்?" என்று வீட்டுக்காரி கேட்டபோதே அறை கையை விட்டுப் போய்விட்டது என்று சாம்பவிக்குத் தெரிந்துவிட்டது.

கொழும்பு வெள்ளவத்தையில் அன்று அவள் அறை தேடி ஏறிய மூன்றாவது மாடிவீடு அது. முதல் இரண்டிலும் இதே வரிசையில்தான் நடந்தது. முதலில் ஊர். கிளிநொச்சி என்றால் போதாது. கிளிநொச்சிக்கு எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தானே, அதற்கு முன்னம் எந்த ஊர்? பிறகு, ஊரில் எந்தப் பக்கம்? கோயிலடியா, சந்தையடியா? கடைசியாக அப்பா. என்ன படித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் வகுப்புப் பட்டத்தின் பிரதி பைக்குள் கிடந்து கசங்கியது.

"அப்பா உடுப்பு வெளுக்கிற லோன்றி வைச்சிருக்கிறார்," என்றாள் சாம்பவி.

"ஓ," என்றாள் வீட்டுக்காரி. "அறை நேற்றே போட்டுது பிள்ளை. விளம்பரத்தை எடுக்க மறந்துபோனம்."

கதவு மரியாதையாகவே சாத்தப்பட்டது. அதுதான் எரிச்சல். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம்.

நாளைக்குக் காலை ஒன்பதரைக்குப் பம்பலப்பிட்டியில் ஒரு கம்பனியில் நேர்முகம். மொழிபெயர்ப்பாளர் வேலை. பட்டம் எடுத்த மூன்று வருடத்தில் வந்த முதல் அழைப்பு. லொட்ஜில் ஒரு இரவுக்கு ஐயாயிரம். திரும்பிப் போகிற ரயில் காசைத் தனியே முடிந்துவைத்தால் கையில் ஆயிரத்துச் சொச்சம்தான். அதற்குள் படுக்கவேண்டும், குளிக்கவேண்டும், சேலையை அயன் போட்டு மினுக்கிக் கட்டிக்கொண்டு மனிசர் மாதிரிப் போய் நிற்கவேண்டும்.

ஒரு மாடி இறங்கி, படியில் குந்தினாள். காலையில் வாங்கி மிச்சம் வைத்த மீன் பணிஸைக் கடித்தாள். கோபத்தில் அழுகை வந்தது. பணிஸும் காய்ந்துபோயிருந்தது.

கீழேயிருந்து ஒரு வயதான மனிதர் படியேறி வந்தார். வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு, கைப்பையில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாரை மீன் வால்.

"ஆர் பிள்ளை நீ? ஆரிட்ட வந்தனீ? எந்த ஊர்?"

"நாலாவது தரம்," என்றாள் சாம்பவி.

"என்ன?"

"ஒண்டுமில்லை."

அவருக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது. வீட்டுச்சட்டையோடு ஒரு அம்மா எட்டிப்பார்த்தா. அவளுடைய பையைப் பார்த்தா, பணிஸைப் பார்த்தா, கண்ணைப் பார்த்தா, மேல்மாடிக் கதவையும் ஒருமுறை பார்த்தா. பிறகு கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டா.

"இது எங்கட பத்மாவதியின்ர மகளெல்லே! என்ர ஒன்றுவிட்ட தங்கச்சி பத்மாவதி! வாறனெண்டு சொன்ன பிள்ளை படியில இருந்து பணிஸ் தின்னுது, நீங்கள் விசாரணை வைக்கிறியள்!"

சாம்பவியின் அம்மாவுக்குப் பெயர் பத்மாவதி இல்லை. அம்மாவுக்கு அக்கா முறையில் கொழும்பில் ஒருவரும் இல்லை. இந்த அம்மா ஆள் மாறிப் பிடித்துவிட்டா. ஆனால் காலையில் இருந்து மூன்று தரம் உண்மை சொல்லிப்பார்த்தாயிற்று. அதற்குக் கிடைத்தது இந்தப் படிக்கட்டு.

"ஓம்," என்றாள்.

மீன் பையோடு நின்ற மனிதர், அந்த அம்மாவின் புருசன் பொன்னம்பலம், அவளை மேலும் கீழும் பார்த்தார். "இது எத்தினையாவது மகள், சிவக்கொழுந்து?"

"கடைசி."

"போன சித்திரையில வந்து நிண்டதும் கடைசி எண்டுதானே சொன்னனீ?"

"அது கடைசிக்கு முதல். வன்னிக்குள்ள இருந்ததுகளை ஆர் எண்ணிக்கொண்டிருந்தது? வழியை விடுங்கோ, பிள்ளை களைச்சுப்போய் நிக்குது."

உள்ளே மின்விசிறி இருந்தது, கட்டில் இருந்தது, அயன் மேசை இருந்தது. குசினியில் பாரை மீனுக்கு உப்பும் தூளும் தடவுகிற மணம் வந்தது. சாம்பவி கதிரை நுனியில் இருந்தபடி, வாழ்க்கையில் ஒரு சின்னப் பொய்க்கு இவ்வளவு மரியாதையா என்று யோசித்தாள்.

யோசித்து முடிக்கமுதல் பொன்னம்பலம் முன்னால் வந்து இருந்தார்.

அவர் காணிக் கந்தோரில் முப்பது வருடம் உறுதிப் பத்திரம் பார்த்த மனிதர். ஒரு காணி ஆரிடமிருந்து ஆருக்கு வந்தது, அதற்கு முன்னம் ஆருக்கு, அதற்கும் முன்னம் ஆருக்கு என்று தோண்டி, பிழை கண்டுபிடித்தால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும். பென்சன் எடுத்த பிறகு காணிகள் வருவது நின்றுபோக, மனிதரை அப்படிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"உன்ர தகப்பனை நான் கண்டதே இல்லை," என்றார். "எனக்குச் சகலன் முறை. ஒரு நாள் கதைச்சதில்லை. நம்பரைச் சொல்லு. ரெண்டு கதை கதைச்சனெண்டால் ஆள் ஆரெண்டு பிடிச்சுப்போடுவன்."

"அப்பா... வேலையில நிப்பார் அங்கிள்."

"என்ன வேலை?"

சாம்பவிக்கு மூளை நின்றுவிட்டது. வாய் நிற்கவில்லை.

"அப்பா மோசம் போயிட்டார்."

குசினிக்குள் அகப்பை விழுந்த சத்தம் கேட்டது. சிவக்கொழுந்து அன்ரி மஞ்சள் கையோடு ஓடிவந்தா.

"என்ன? செத்துப்போனாரோ? ஆரைக் கேட்டு?"

"சாகிறதுக்கு ஆரையப்பா கேட்கிறது?" என்றார் பொன்னம்பலம். "எப்ப பிள்ளை?"

கனகாலம் என்றால் ஏன் அறிவிக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். "பதினெட்டு நாள்," என்றாள்.

சொன்ன கையோடு பிழை விளங்கிவிட்டது. சாவுத் தீட்டு, அதுதான் சாத்துடக்கு, முப்பத்தொரு நாள். அது கொழும்பில் ஒருவருக்கும் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கிற வீட்டுக்கு வெளுத்த மாத்துத் துணி கொண்டுபோகிற கட்டாடி, ஊர் வண்ணார், அவளுடைய அப்பாதான். அந்தத் துணி வராமல் அந்த வீட்டுத் துடக்குப் போகாது. துணி வீட்டுக்குள்ளே போகும். அப்பா படலைக்கு வெளியே நிற்பார்.

சிவக்கொழுந்து அன்ரி சுவரைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினா. "எவ்வளவு நல்ல மனுசன்! எத்தினை பேருக்கு உதவியா இருந்த மனுசன்! இப்பிடித் திடீரெண்டு கொண்டுபோட்டியே!"

காணாத ஒருவருக்காக இப்படி அழுகிறாவே என்று சாம்பவிக்கு நெஞ்சு குத்தியது.

பொன்னம்பலம் அழவில்லை. அவருக்கு வேலை வந்துவிட்டது. சாமித்தட்டுக்குத் திரை இழுத்தார். குசினிக்குள் போய்ப் பாரை மீனைச் சட்டியோடு தூக்கி வந்தார். "துடக்குக்காரப் பிள்ளை வீட்டுக்குள்ள. மீன் கூடாது. பக்கத்து வீட்டு ஆதிபாட்டைக் குடு."

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ஆதிபாவின் குசினியிலிருந்து பாரை பொரிகிற மணம் யன்னல் வழியாக வந்தது. சாம்பவி கத்தரிக்காய்க் கறியோடு சோற்றைப் பிசைந்தாள். பசியோடு இருக்கிறவளுக்கு மூக்கு மட்டும் நல்லாக வேலை செய்தது.

"பிள்ளை கொழும்புக்கு என்ன அலுவலா வந்தது?" என்றார் பொன்னம்பலம்.

"நாளைக்கு நேர்முகம் அங்கிள். பம்பலப்பிட்டியில." கம்பனியின் பெயரையும், அவர் கேட்கத் தன் பெயரையும் சொன்னாள்.

"முப்பத்தொண்டு முடியாமலோ? நல்ல காரியத்துக்கு இப்ப வெளிக்கிடுறதோ? சேச்சே! அங்க மனேஜர் எங்கட ராகுலன்தான். நான் சொல்லி அடுத்த மாதத்துக்கு மாத்தித் தாறன்."

போன் ஏற்கெனவே அவர் காதில் இருந்தது.

"ராகுலன்? நான் பொன்னம்பலம் அண்ணை. ஒரு துக்கமான செய்தி. என்ர சகலன் மோசம் போயிட்டார்... ஓம், ஓம். நெருங்கின ஆள். அவரின்ர மகள் சாம்பவி நாளைக்கு உம்மட்ட..."

மூன்று வருடம் காத்திருந்த வேலை, ஒரு மனுசனின் ஒழுங்குமுறையில் போகப்போகிறது. சாம்பவி எழும்பினாள்.

"அங்கிள், வையுங்கோ! போகலாம். கட்டாடி வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டால் குற்றமில்லை."

பொன்னம்பலம் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "அப்பிடி ஒரு முறை இருக்கோ?"

இல்லை. அந்த நிமிடம்தான் அவள் உண்டாக்கினாள். "இருக்கு. மாத்துச்சேலை. அவையின்ர கை பட்டால் துடக்குத் தள்ளி நிக்கும். அதுக்குத்தானே முப்பத்தொண்டிலயும் கூப்பிடுறது. உங்களுக்குத் தெரியாதோ, அங்கிள்?"

கடைசிக் கேள்விதான் வேலை செய்தது. தனக்கு ஒன்று தெரியாது என்று அந்த மனிதர் ஒரு நாளும் எழுத்தில் குடுத்ததில்லை.

"தெரியாமல் என்ன! ராகுலன், பிள்ளை வரும். அதுக்கு ஒரு முறை இருக்கு, உமக்கு விளங்காது." போனை வைத்தார். "பாத்தியே சிவக்கொழுந்து? இந்தக் காலத்துப் பெட்டையளில எத்தினைபேருக்கு இது தெரியும்? வளர்ப்பெண்டால் இது."

சாம்பவிக்குச் சிரிப்பும் வந்தது. அவருடைய கையைப் பிடித்துக் கடிக்கவேணும் போலவும் வந்தது.

"ஆனா ஒண்டு," என்றார். "நீயே வீட்டில தோய்ச்சு மினுக்கினால் கணக்கில்லை. கட்டாடி கைதான் படவேணும். வெள்ளவத்தையில இப்ப எல்லாம் மிசின். கொட்டாஞ்சேனையில, லூசியா கோயிலுக்குப் பின்னால, கையால வெளுக்கிற லோன்றி ஒண்டு இருக்கு. போய் வெளுப்பிச்சுக்கொண்டு வா. பில் துண்டும் வாங்கிக்கொண்டு வா."

வண்ணாரின் மகள், தன் சேலையை ஒரு வண்ணார் கையால் வெளுப்பிக்க, இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். புறக்கோட்டையில் இறங்கி, சனத்துக்குள் நெரிபட்டு, அடுத்த பஸ்ஸில் தொங்கி. கொழும்பில் எல்லாத்தையும் விட விலை கூடினது இலவசமாகக் கிடைக்கிற படுக்கைதான் என்று அவளுக்கு விளங்கியது.

லோன்றி முதலாளி பிறிஜெற் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தா. "என்னம்மா, எப்ப வேணும்?"

"இப்ப."

"இப்பன்னா எண்ணூறு. அயன் போடுறவன் வரல. அந்த குமியலப் பாத்தியா?" சுவரோரம் பாடசாலை வெள்ளைச் சேட்டுகள் மலை மாதிரிக் கிடந்தன. "அறுபது சேட்டு. நாலரைக்கு ஆள் வந்து நிக்கும். நான் எங்க போவேன்?"

எண்ணூறு குடுத்தால் நாளைக்கு நேர்முகத்துக்கு நடந்துதான் போகவேணும். சாம்பவி அறுபது சேட்டையும் பார்த்தாள், சுவரில் இருந்த மணிக்கூட்டையும் பார்த்தாள்.

"என்ர சேலையை அலசிக் காயப் போடுங்கோ. காய முதல் இதை நான் முடிச்சுத் தாறன். காசு வேண்டாம்."

"ஏம்மா, இது என்ன உங்க வீட்டுக் குசினியா? எரிச்சுப்புடுவ!"

சாம்பவி முதல் சேட்டை மேசையில் விரித்தாள். கையைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு உதறு. கொலரில் தொடங்கி, தோள், பிறகு கை, கடைசியாக முதுகு. ஆறாவது சேட்டில் பிறிஜெற் கதைப்பதை நிறுத்தினா. இருபதாவதில் பக்கத்தில் ஒரு பிளேன்ரீ வந்தது.

"யாரு கத்துக் குடுத்தது?"

"அப்பா."

அன்று முழுக்க அந்தச் சொல்லைக் கேட்ட முகங்கள் எல்லாம் மூடின. இது மட்டும் திறந்தது.

"நல்ல கைம்மா. நாளைக்கே வேலைக்கு வந்துரு. மாசம் அறுபதாயிரம். பகல் சாப்பாடும் நம்ம."

மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் போட்டிருந்தது ஐம்பத்தையாயிரம்.

"நான் டிகிரி முடிச்சனான், அக்கா."

"பரவால்லம்மா. அதெல்லாம் நான் பாக்கமாட்டேன்."

மாலை ஆறு மணிக்குச் சாம்பவி வெள்ளவத்தைக்கு வந்துசேர்ந்தாள். பொன்னம்பலம் துண்டை வாங்கி, திகதி பார்த்து, பின்பக்கம் பிரட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு சேலையைப் பார்த்தார். "பார், சிவக்கொழுந்து, மடிப்பைப் பார்! இதுதான் அவையின்ர கை. எங்களுக்கு வருமோ இது?"

"வராது," என்றாள் சாம்பவி.

அப்போதுதான் மேசையில் கிடந்த அவளுடைய போன் அடித்தது. திரையில் பெரிய எழுத்தில் விழுந்தது.

"அப்பா," என்று வாசித்தார் பொன்னம்பலம்.

போன் நடுங்கி நடுங்கி மேசை விளிம்பை நோக்கி நகர்ந்தது.

"அது... அம்மா அப்பாவின்ர போனைத்தான் இப்ப பாவிக்கிறா," என்றாள் சாம்பவி.

"அப்பிடியே! தா, நான் ரெண்டு வார்த்தை..."

அவருடைய கை நீளமுதல் சிவக்கொழுந்து அன்ரி பாய்ந்து போனை எடுத்தா. "பத்மாவதி! ஐயோ என்ர பத்மாவதி!" என்று கத்திக்கொண்டே பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டி ஆட்டி ஐந்து நிமிடம் கதைத்தா. சாம்பவி தன்னுடைய பையைக் கண்ணால் தேடினாள். வெளியே தள்ளும்போது கையில் இருக்கவேணும்.

அன்ரி உள்ளே வந்தா. "பத்மாவதிதான். பாவம், அழுது அழுது தொண்டை ஆம்பிளைக் குரல் மாதிரிப் போட்டுது. நீ சாப்பிட்டியோ எண்டு மூண்டு தரம் கேட்டது."

மூன்று தரம் கேட்டது என்றால் அது அப்பாவேதான். அன்ரிக்குக் காது மந்தம் என்று சாம்பவி முடிவுகட்டினாள். அதைத் தவிர வேறு ஒரு விளக்கமும் அவளுக்குப் பிடிபடவில்லை.

மற்ற நாள் காலை, கொட்டாஞ்சேனைச் சேலையில், பம்பலப்பிட்டியில் மூன்று பேருக்கு முன்னால் இருந்தாள். நடுவில் ராகுலன்.

"பொன்னம்பலம் அண்ணை சொன்னவர்," என்றார் அவர், குரலைத் தணித்து. "அப்பாவின்ர செய்தி கேட்டுக் கவலைப்பட்டன். அப்பா என்ன செய்துகொண்டிருந்தவர்?"

அதே கேள்வி. கோட்டும் ஏசியும் போட்டு வந்திருந்தது, அவ்வளவுதான். வாத்தியார் என்று சொன்னால் ஆரும் சோதிக்கப்போவதில்லை. செத்த மனுசனுக்கு என்ன வேலையும் குடுக்கலாம். சாம்பவி மடியில் கிடந்த சேலை மடிப்பைப் பார்த்தாள். கத்தி மாதிரி நின்றது.

"செய்துகொண்டிருக்கிறார் சேர். உயிரோட இருக்கிறார். கிளிநொச்சியில லோன்றி. நேற்று ஒரு இரவு படுக்க இடம் வேணுமெண்டு நான்தான் அவரைச் சாக்காட்டினனான்."

ஓரத்தில் இருந்த பெண் சிரிப்பை இருமலாக்கினா. ராகுலன் ஒரு சிங்களச் சுற்றறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். "இதைத் தமிழாக்குங்கோ. கால் மணித்தியாலம்."

பன்னிரண்டு நிமிடத்தில் குடுத்தாள். மூன்று பேரும் மாறி மாறி வாசித்தார்கள்.

"முதலாந் திகதி வரலாமோ?" என்றார் ராகுலன். "ஆனா அண்ணையிட்ட உண்மையை நீங்களே சொல்லுங்கோ. எனக்கு அந்த மனிசனோட ஏலாது."

காலி வீதியில் நடந்தே திரும்பினாள். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. சொல்லப்போகிற வசனத்தை அடுக்குவதற்குத்தான் நடை. பொன்னம்பலம் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். சிவக்கொழுந்து அன்ரிதான் மனதைப் பிசைந்தா. காலையிலும் புட்டை அவித்துக் கொட்டும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் நின்றா. இல்லாத சாவுக்கு ஒரு நல்ல மனுசியை அழவைத்தாயிற்று.

படியேறியபோது ஆதிபா, கழுவிய மீன்சட்டியைக் குடுத்துவிட்டு அன்ரி வீட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள்.

"அன்ரி நிக்கிறாவோ?"

"ஈக்கிறா. இன்னும் அழுதுட்டுத்தான் ஈக்கிறா."

"நான் உள்ள போய் எல்லாத்தையும் சொல்லப்போறன், அக்கா," என்றாள் சாம்பவி. "நான் பத்மாவதியின்ர மகள் இல்லை. ஒருத்தரும் சாகேல்லை."

ஆதிபா அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தி, கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இறக்கினாள்.

"ஐயாக்கிட்ட வாயைத் திறந்துடாதீங்க புள்ள. பத்மாவதி எண்டு ஒத்தரும் இல்ல, மேல ரூம் இல்லெண்டு கதவைச் சாத்துற புள்ளைகளுக்காக அன்ரி உண்டாக்கின தங்கச்சி அவ, நீங்க அஞ்சாவது மகள். எல்லாருக்கும் சேர்த்து இருந்ததே ஒரு வாப்பா, அவரையும் நீங்க மவுத்தாக்கிட்டீங்க, இனி வார புள்ளைக்கு என்ன செய்றதெண்டுதான் நேத்துல இருந்து அன்ரி அழுறா."